குளிர்கிடங்குக்கு அமோனியா பம்பு: குதிரைத்திறனைக் கேட்கும் முன்னே

நஞ்சில்லாமல் விளைவிக்கிற நமக்கு அறுவடைக்குப் பிறகுதான் பெரிய சோதனையே இருக்கிறது. ஒரு சொட்டு விஷம் அடிக்காமல் எடுத்த துவரையும் உளுந்தும் மிளகாயும் கிடங்கில் மூணு மாசம் கிடந்தால் வண்டு விழுந்துவிடுகிறது. வியாபாரி கிடங்கில் இதற்கு வைத்தியம் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. இயற்கை வேளாண்மைச் சான்றிதழில் அதற்கு இடமில்லை. விதி இடம் கொடுத்தாலும் நம்ம மனசு ஒப்பாது. நமக்கு மிச்சம் இருக்கிற வழி குளிர். அறை 15 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் தானிய வண்டு பெருகுவது ஏறக்குறைய நின்றுபோகும். மிளகாயை 5 டிகிரியை ஒட்டி வைத்தால் நிறமும் காரமும் அடுத்த வெள்ளாமை வரை நிற்கும்.

இதனால் உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் பல சொந்தமாகக் குளிர்கிடங்கு கட்டக் கிளம்பியிருக்கின்றன. 2020-ல் தொடங்கிய வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையான கடனுக்கு 3 சதவீதம் வட்டிச் சலுகை கிடைப்பதும் ஒரு காரணம். நான் இப்போது நாலு ஏக்கரில் பயிர் செய்கிறேன். அதற்கு முன்னே பதினாலு வருஷம் மீன் பதனிடும் ஆலைகளில் அமோனியா பிளான்ட் ஆபரேட்டராக இருந்தேன். அந்தப் பழக்கத்தில் பக்கத்து ஊர்க் குழுக்காரர்கள் கொட்டேஷனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "இவன் 3 ஹெச்.பி. பம்பு போட்டிருக்கான், அவன் 5 ஹெச்.பி. போட்டிருக்கான், எதுண்ணே நல்லது?" என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. கிணத்து மோட்டார் வாங்கிப் பழகிய நமக்கு அப்படித்தான் கேட்க வரும். ஆனால் திரவ அமோனியாவைத் தள்ளுகிற பம்பை அப்படித் தேர்ந்தெடுத்தால் காசும் போகும், சில சமயம் ஆளும் போகும். அதனால் நான் எல்லோரிடமும் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அமோனியா என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் நம்மில் உண்டு. யூரியாவைப் பெற்றெடுத்த தாய் ஆயிற்றே! கேள்வி நியாயமானது. ஆனால் இங்கே அது மண்ணுக்கும் போவதில்லை, விளைபொருளையும் தொடுவதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே ஆவியாகி, திரும்பத் திரவமாகி, சுற்றிச் சுற்றி வருகிறது. மாற்றாகச் சொல்லப்படும் ஃப்ரியான் வகை வாயுக்களைப் பாருங்க. ஆர்-404ஏ என்பது ஒரு கிலோ வெளியேறினால் கிட்டத்தட்ட 3,900 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஆர்-22 அதோடு ஓசோனையும் அரிக்கும். இந்தியாவில் அதை 2030-க்குள் ஒழிக்க வேண்டும். ஆர்-404ஏ போன்றவற்றைக் குறைப்பதற்கான 2016 கிகாலி ஒப்பந்தத் திருத்தத்தை 2021-ல் நம் நாடு ஏற்றிருக்கிறது. அமோனியாவுக்கு இந்த இரண்டு பாவமும் கிடையாது. ஒரு கிலோ ஆவியாகும்போது அது இழுக்கும் வெப்பமும் ஆர்-22 இழுப்பதைப் போல ஆறு மடங்கு. கரண்டு பில் குறையும்.

அதன் குறை வேறு. அது கண்ணையும் நுரையீரலையும் எரிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு இருப்பதே ஒரு நாள் வேலைக்கு வரம்பு. 300 பங்கு என்றால் உயிருக்கு ஆபத்து. 2023 டிசம்பர் கடைசியில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்து, ராத்திரியில் ஜனங்கள் ஊரை விட்டு ஓடியதும் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். கிடங்கில் இருப்பது அதில் ஒரு சிறு துளிதான். ஆனால் இயந்திர அறையில் நிற்கும் நம்ம ஆளுக்கு அந்தத் துளியே போதும். அந்த அறையில் ஓயாமல் சுழல்கிற பாகங்களில் ஒன்று பம்பு. அமோனியா வெளியே வரக் காத்திருக்கும் வாசல்களில் அதுவும் ஒன்று.

பம்பு அவசியம்தானா?

முதலில் கேட்க வேண்டியது இதுதான். கொட்டேஷன் கொடுப்பவர் இதைக் கேட்கமாட்டார்.

குளிர் எப்படி உண்டாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்ப்ரசர் அமோனியா ஆவியை அழுத்துகிறது. கண்டென்சரில் அது குளிர்ந்து திரவமாகி ரிசீவரில் சேர்கிறது. அங்கிருந்து ஒரு வால்வு வழியாக அழுத்தம் குறைந்து, எல்.பி. வெசல் என்று ஆபரேட்டர்கள் சொல்லும் தாழ்அழுத்தக் கலத்துக்கு வருகிறது. அந்தக் கலத்தில் கீழே குளிர்ந்த திரவமும் மேலே ஆவியும் இருக்கும். ஆவியைக் கம்ப்ரசர் உறிஞ்சிக்கொள்ளும். அடியில் இருக்கும் திரவத்தை அறைகளில் உள்ள கூலர்களுக்கு அனுப்ப வேண்டும். அனுப்புவது யார்? அங்கேதான் பம்பு வருகிறது.

ஆனால் கலத்தைக் கூலருக்கு மேலே உயரத்தில் வைத்துவிட்டால் திரவம் தானாகவே இறங்கி, ஆவியாகித் திரும்பும். வடக்கே உத்தரப்பிரதேசத்திலும் வங்காளத்திலும் பழைய உருளைக்கிழங்குக் கிடங்குகள் ஏராளமாக இப்படித்தான் பம்பே இல்லாமல் ஓடுகின்றன. ஒன்றிரண்டு அறை, இயந்திர அறைக்குப் பக்கத்திலேயே கூலர் என்றால் இது போதும். சுழல்கிற பாகமே இல்லாத இடத்தில் கெட்டுப்போக என்ன இருக்கிறது?

20, 30 டன் சரக்கு வைக்கிற சின்னக் கிடங்குக்கு அமோனியாவே வேண்டாம் என்பது என் கருத்து. ஆபரேட்டர் சம்பளமே கட்டுபடியாகாது. சின்ன கம்ப்ரசர் யூனிட் ஒன்றை வைத்துக்கொண்டு கசியாமல் பார்த்துக்கொள்வது மேல்.

இன்னொரு வழியும் உண்டு. அமோனியாவை இயந்திர அறைக்குள்ளேயே நிறுத்திவிட்டு, அங்கே கிளைக்கால் கலந்த தண்ணியைக் குளிர வைத்து, அந்தத் தண்ணியைக் கூலர்களுக்கு அனுப்புவது. தண்ணிக்குச் சாதாரண பம்பு போதும். சரக்கு இருக்கும் அறையில் அமோனியா குழாயே போகாது. ஒரு படி கூடுவதால் கரண்டு கொஞ்சம் கூடும்தான். வீடுகளுக்கு நடுவே கிடங்கு கட்டுகிறவர்கள், சுமைதூக்கும் ஆட்கள் நாளெல்லாம் உள்ளே நடமாடுகிற கிடங்கு வைத்திருக்கிறவர்கள், இதை யோசிக்கணும். நான் கட்டினால் இதைத்தான் கட்டுவேன்.

அறைகள் பல, தூரம் அதிகம், கூலர்கள் வெவ்வேறு உயரத்தில், ஒரு பக்கம் மிளகாய் 5 டிகிரியில், இன்னொரு பக்கம் வேறு சரக்கு என்று இருந்தால், அப்போது பம்பு வைத்த அமைப்புதான் சரியாக வேலை செய்யும். எல்லாக் கூலருக்கும் திரவம் சமமாகப் போகும். இனி அந்தப் பம்பைப் பற்றி மட்டும் பேசுவோம்.

கொதிக்கிற திரவத்தை இறைப்பது

கிணத்து மேட்டில் மோட்டாரை வைத்து ஏழு மீட்டர் ஆழத்துத் தண்ணியை உறிஞ்சுகிறோம். உண்மையில் மோட்டார் உறிஞ்சுவதில்லை. வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணியை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தம் பத்து மீட்டர் தண்ணிக்குச் சமம். மட்டம் இறங்க இறங்க, கிணத்துக்குள்ளே மேடை கட்டி மோட்டாரை இறக்கினோமே, அது இந்தக் கணக்கால்தான்.

எல்.பி. கலத்துக்குள் இந்த உதவி கிடையாது. அங்கே அமோனியா கொதிநிலையிலேயே இருக்கிறது. மேலே ஆவி எவ்வளவு அழுத்துகிறதோ, அதே அளவுக்குத் திரவம் ஆவியாகக் கிளம்பத் துடிக்கிறது. ஒன்றுக்கொன்று சரியாகப் போய்விட்டது. அழுத்தம் ஒரு துளி குறைந்தாலும் குமிழி கிளம்பிவிடும். பம்பின் வாயில் அழுத்தம் குறையத்தான் செய்யும். அப்படியானால் குமிழி வராமல் எது காக்கும்? கலத்திலிருந்து பம்புக்கு இறங்கும் திரவத் தூணின் எடை மட்டும்தான் காக்கும். வேறு பாதுகாப்பு எதுவும் கிடையாது.

அந்தப் பாதுகாப்பு எவ்வளவு என்று பார்த்தால் திகைப்பாக இருக்கும். மைனஸ் 5 டிகிரியில் அமோனியா லிட்டருக்கு 645 கிராம்தான் எடை. ஒரு மீட்டர் தூண் தரும் அழுத்தம் 0.063 பார். அதே வெப்பநிலையில் அமோனியா ஒரு டிகிரி சூடானால் அதன் ஆவியழுத்தம் சுமார் 0.14 பார் ஏறும். கணக்குப் போட்டால், ஒரு மீட்டர் உயரம் உங்களுக்குத் தருவது அரை டிகிரிக்கும் குறைவான அவகாசம். இறங்கும் குழாயில் இன்சுலேஷன் கிழிந்து வெயிலின் சூடு கொஞ்சம் ஏறினால் போச்சு.

குமிழி பம்புக்குள் நுழைந்தால் இரண்டு கேடு. ஒன்று, கிணத்து மோட்டார் காத்து வாங்கின மாதிரி திரவம் ஏறாமல் வெறுமனே சுற்றும். இன்னொன்று, குமிழி இறக்கைச் சக்கரத்தின் அழுத்தம் கூடிய பக்கம் போய் உடையும்போது உலோகத்தைக் கொத்தும். கைநிறையக் கூழாங்கல்லை அள்ளிப் பம்புக்குள் போட்ட மாதிரி சத்தம் கேட்கும். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் கலத்துக்கும் பம்புக்கும் இடையே இரண்டடிதான் உயரம். சாயந்திரம் மீன் லோடு வந்து கம்ப்ரசர் முழு வேகத்தில் இழுக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம் கிளம்பும். ஒரே வருஷத்தில் மூணு தடவை பேரிங் போனது. பம்புக் கம்பெனியை மாற்றிப் பார்த்தார்கள், பெரிய பம்பு போட்டுப் பார்த்தார்கள், எதுவும் எடுபடவில்லை. கடைசியில் பிளான்ட்டை நிறுத்தி, கலத்தை உயர்த்தி வைத்தார்கள். அதற்குப் பிறகு அதே பம்பு வருஷக்கணக்கில் ஓடியது.

கம்ப்ரசர் முழு வேகத்தில் இழுக்கும்போது ஏன் சத்தம் வந்தது? கம்ப்ரசர் சட்டென்று வேகமெடுத்தால் கலத்தின் அழுத்தம் சரியும். இறங்குகுழாயில் நிற்கும் திரவமோ பழைய சூட்டிலேயே இருக்கும். அழுத்தம் 0.14 பார் சரிந்தால் அந்தத் திரவம் ஒரு டிகிரி கூடுதல் சூட்டில் நிற்கிறது என்று அர்த்தம். நம் ஒரு மீட்டர் தூணுக்கு இருந்த அவகாசமோ அரை டிகிரி. திரவம் குழாய்க்குள்ளேயே பொங்கிவிடும். ஆகவே கம்ப்ரசரைப் படிப்படியாக ஏற்றி இறக்கும்படி அமைக்கச் சொல்லுங்க. இதைப் பம்பு விற்பவர் சொல்லமாட்டார், கம்ப்ரசர் விற்பவரும் சொல்லமாட்டார். இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடுகிற விஷயம்.

ஒவ்வொரு பம்புக்கும் அதன் வாயில் குறைந்தது எத்தனை மீட்டர் திரவத் தூண் வேண்டும் என்று அதன் விவரத்தாளில் போட்டிருக்கும். என்.பி.எஸ்.ஹெச். என்று எழுதியிருப்பார்கள். அந்த எண் ஒரே எண் அல்ல; பம்பு அதிகம் தள்ளத் தள்ள அதுவும் ஏறும். உங்கள் ஓட்ட அளவுக்கு எவ்வளவு என்று கேளுங்க. அதற்கு மேல் குழாயில் உராய்வு தின்பதைச் சேர்த்து, அதற்கும் மேல் அரை மீட்டராவது கூட்டிவைக்கணும். நடைமுறையில், கலத்தில் திரவம் மிகத் தாழ்ந்து நிற்கும் மட்டத்திலிருந்து பம்பின் மையம் வரை ஒன்றரை மீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டு மீட்டருக்கு மேல் இருந்தால் நிம்மதி.

இங்கேதான் கட்டடக்காரர் வருகிறார். பம்புக்கு ஒரு மேடை, அதற்கு மேல் இரண்டு மீட்டர், அதற்கு மேல் கலம், கலத்துக்கு மேல் குழாயும் வால்வும், ஆள் ஏறி வேலை பார்க்க இடம் என்று கூட்டினால் இயந்திர அறையின் உயரம் ஐந்து மீட்டரைத் தாண்டும். பல குழுக்கள் கட்டடத்தை முடித்து, பூஜையும் போட்டுவிட்டு, பிறகு பம்பு வாங்க வருகின்றன. கூரை பன்னிரண்டு அடியில் நிற்கும். அப்போது "பள்ளம் தோண்டி பம்பை இறக்கிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். அதற்கு மட்டும் சம்மதிக்காதீங்க. அமோனியா ஆவி காற்றைவிட லேசானதுதான். ஆனால் குளிர்ந்த திரவமாகக் கொட்டினால் அதன் புகை தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். அந்தப் பள்ளத்தில்தான் நம்ம ஆள் இறங்கி வால்வை மூட வேண்டியிருக்கும். மழைத் தண்ணியும் அங்கேதான் வந்து நிற்கும். பம்பின் விவரத்தாள் கைக்கு வந்த பிறகுதான் இயந்திர அறை வரைபடம் முடிவாக வேண்டும்.

இறங்குகுழாய் நேராக, அகலமாக, வளைவு குறைவாக இருக்கணும். திரவம் அதில் நொடிக்கு அரை மீட்டருக்கும் குறைவாக மெதுவாக இறங்கினால் உராய்வும் குறையும், குமிழி வந்தாலும் எதிர்த்து மேலேறிப் போய்விடும். கலத்தின் வாயில் சுழி விழாமல் தடுக்கும் தகடு ஒன்றும் இருக்கணும். மடையில் சுழி விழுந்து காத்து உள்ளே போவதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். பம்புக்கு முன்னே பொடிக்கண் வடிகட்டி வைத்து அதன் வாயை அடைக்கக் கூடாது.

எவ்வளவு தள்ளணும்?

இப்போது குதிரைத்திறனுக்கு வருவோம். 50 டன் குளிர்ச்சித்திறன் உள்ள ஒரு கிடங்கை எடுத்துக்கொள்வோம். (இந்த டன் வேறு, சரக்கு டன் வேறு. ஒரு டன் குளிர்ச்சி என்பது 3.5 கிலோவாட் வெப்பத்தை இழுப்பது. இதைக் குழப்பிக்கொண்டு கூட்டத்தில் சண்டையே நடந்திருக்கிறது.) 50 டன் என்றால் சுமார் 176 கிலோவாட். மைனஸ் 5 டிகிரியில் ஒரு கிலோ அமோனியா ஆவியாகும்போது சுமார் 1,280 கிலோஜூல் வெப்பத்தை எடுக்கும். ஆக மணிக்கு 495 கிலோ ஆவியாக வேண்டும். லிட்டரில் சொன்னால் ஏறத்தாழ 770.

ஆனால் கூலருக்கு ஆவியாகும் அளவு மட்டும் அனுப்பினால் குழாயின் கடைசிப் பகுதி காய்ந்து கிடக்கும். குழாய் முழுக்க நனைந்திருக்க வேண்டும் என்பதற்காக மூணு, நாலு மடங்கு அனுப்புவார்கள். மிச்சம் திரவமாகவே கலத்துக்குத் திரும்பிவிடும். நாலு மடங்கு என்றாலும் மணிக்கு 3,100 லிட்டர்தான். சொட்டுநீருக்கு ஓட்டுகிற சின்ன மோட்டார்கூட இதைவிட அதிகம் தள்ளும்!

கூலரின் உயரம், குழாய், வால்வு எல்லாம் சேர்த்து 30 மீட்டர் அமோனியா தூண் அளவுக்கு எதிர்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 1.9 பார். இந்த வேலைக்குத் தேவையான சுத்தச் சக்தி கால் குதிரைத்திறன்கூட இல்லை. சின்ன பம்புகளில் இழப்பு அதிகம் என்பதைச் சேர்த்தாலும் ஒன்றரை குதிரைத்திறனுக்குள் அடங்கிவிடும். "பெருசா இருந்தா நல்லதுதானே" என்று 5 ஹெச்.பி. வாங்கினால் என்ன ஆகும்? அது அளவுக்கு மீறித் தள்ளும். வாயில் கேட்கும் தூணின் உயரமும் ஏறும். உங்களிடம் இருப்பதோ அதே இரண்டு மீட்டர். குமிழி கிளம்பும். போதாததற்கு, பம்பில் கொடுத்த கரண்டு முழுவதும் கடைசியில் சூடாக அமோனியாவுக்குள்தான் போகிறது. அந்தச் சூட்டை வெளியே தள்ளக் கம்ப்ரசர் மறுபடி கரண்டு தின்னும். தேவைக்கு மேல் பெரிய பம்பு என்பது குளிர்கிடங்குக்குள் அடுப்பு வைப்பது மாதிரி.

மோனோபிளாக்கா, சப்மெர்சிபிளா?

அமோனியா பம்புகளில் பெரிய பிரிவு இரண்டு. மோட்டார் தனியாக வெளியே நின்று, தண்டு வழியாகப் பம்பைச் சுற்றுவது ஒன்று. தண்டு உள்ளே நுழையும் இடத்தில் மெக்கானிக்கல் சீல் இருக்கும். நம்ம மோனோபிளாக்கில் சீல் தேய்ந்து தண்ணி சொட்டினால் கீழே ஒரு டப்பா வைத்துவிட்டு வேலையைப் பார்க்கிறோம். இங்கே சொட்டுவது அமோனியா. இந்த வகை விலை குறைவு, உள்ளூர் மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடலாம், மோட்டார் எரிந்தால் எந்தக் கடையிலும் வாங்கலாம். வாங்குவதானால் இரட்டைச் சீலும், நடுவே எண்ணெய் நிற்கும் கிண்ணமும் உள்ளதைக் கேளுங்க. எண்ணெய் மட்டத்தைத் தினமும் பார்த்தால் சீல் போகப்போவது முன்கூட்டியே தெரியும்.

இன்னொரு வகையில் மோட்டாரும் பம்பும் ஒரே கூட்டுக்குள் மூடப்பட்டிருக்கும். வெளியே வரும் தண்டு கிடையாது, சீலும் கிடையாது, கசிய வழியும் இல்லை. சப்மெர்சிபிளின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்க. சுழலும் பாகம் அமோனியாவிலேயே மூழ்கியிருக்கும். பேரிங்குக்கு எண்ணெயும் அமோனியாதான், மோட்டாரைக் குளிர்விப்பதும் அமோனியாதான். ஈரம் கலந்த அமோனியா செம்பையும் பித்தளையையும் தின்றுவிடும் என்பதால், செம்புச் சுருள் இருக்கும் பக்கத்தை மெல்லிய துருப்பிடிக்காத எஃகுச் சட்டை ஒன்று பிரித்துக் காக்கிறது. (இதே காரணத்தால்தான் வெண்கலச் சக்கரம் உள்ள தண்ணி மோட்டாரை ஒருநாள் அவசரத்துக்குக்கூட இங்கே மாட்டக் கூடாது.)

என் தேர்வு இந்த மூடிய வகைதான். கிராமத்தில் ராத்திரி ஒற்றை ஆள் காவல் இருக்கும் இடத்தில் சீல் இல்லாததே பெரிய காப்பு. ஆனால் இதற்கு மூணு பலவீனம் உண்டு. வறண்டு ஓடினால் மிகச் சீக்கிரத்தில் பேரிங் போய்விடும். வெல்டிங் கசடும் துருவும் வந்தால் தாங்காது. பழுதானால் பெரும்பாலும் கழற்றிக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டியதுதான். எனவே உதிரிபாகம் எந்த ஊரில் இருக்கிறது, எத்தனை நாளில் வரும் என்பதை விலைக்கு முன்னே கேளுங்க. பம்பு இரண்டாக வாங்கணும். ஒன்றே முழு வேலையையும் செய்யக்கூடியதாக இருக்கணும். வாரம் ஒன்றாக மாற்றி மாற்றி ஓட்டினால் இரண்டாவது சும்மா கிடந்து இறுகாது. ஒரு பம்பில் பணத்தை மிச்சம் பிடித்து, அது போன அன்று ஐந்நூறு டன் சரக்கோடு உட்கார்ந்திருக்கக் கூடாது.

நிலக்கடலைப் பட்டறையில் பார்க்கிற மாதிரி பல் சக்கரம், தகடு வைத்த பம்புகளும் இருக்கின்றன. சிலிண்டரிலிருந்தோ டேங்கரிலிருந்தோ மாற்றுவதற்கு அவை உதவும். ஓயாமல் சுற்றவிடும் வேலைக்கு எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை.

கூடவே வர வேண்டியவை

பம்பைச் சுற்றி என்னென்ன இருக்கிறது என்பதைக் கொட்டேஷனில் ஒவ்வொன்றாகத் தேடுங்க. விலையைக் குறைத்துக் காட்ட முதலில் கழற்றப்படுவது இவைதான்.

அறைகள் குளிர்ந்து எல்லா வால்வும் மூடிக்கொண்டால் பம்பு யாருக்குத் தள்ளும்? உள்ளேயே சுற்றிய திரவம் சூடேறிக் கொதித்துப் பம்பு வறண்டுவிடும். அப்போதும் குறைந்த அளவு ஓட்டம் இருக்க ஒரு சிறு குழாய் கலத்துக்குத் திரும்பணும். திரும்புவது கலத்துக்குத்தான், பம்பின் வாய்க்குழாயில் இணைத்தால் சூடு மறுபடி அங்கேயே வரும். நின்றிருக்கும் பம்பில் சேர்ந்த ஆவி மேலேறிப் போக ஒரு காற்றுக்குழாயும் கலத்தின் ஆவிப்பக்கத்துக்கு வேண்டும். இல்லாவிட்டால், அடைபட்ட சொட்டுநீர்க் குழாயில் காத்து நின்ற மாதிரி, போட்டவுடன் பம்பு பிடிக்காது.

கலத்தில் மட்டம் தாழ்ந்தால் பம்பை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று. பம்பின் முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் எழாவிட்டால் சில நொடிகளில் நிறுத்தும் சுவிட்ச் இன்னொன்று. மூணு பேஸில் ஒன்று போனாலோ வரிசை மாறினாலோ ஓட விடாத ரிலே அவசியம். ஊரில் லைன் வேலை நடந்த பிறகு பேஸ் மாறி வருவது புதுசா நமக்கு? மூடிய பம்பு தலைகீழாகச் சுற்றுவது கண்ணுக்குத் தெரியாது. பிரஷர் கேஜ் வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டுவது ஒன்றுதான் அடையாளம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நான் நினைப்பது, இரண்டு வால்வுக்கு நடுவே குளிர்ந்த திரவம் சிறைப்படக்கூடிய ஒவ்வொரு இடத்திலும் நிவாரண வால்வு. குழாய் முழுக்கத் திரவத்தை நிரப்பி இரு பக்கமும் மூடிவிட்டுப் போனால், அது வெளிச்சூட்டில் விரியும். விரிய இடம் இல்லாதபோது எஃகுக் குழாயே வெடிக்கும். பம்பைப் பழுதுபார்க்க முன்னும் பின்னும் வால்வை மூடுகிறபோது இதேதான் நடக்கும். அந்த வால்வு இல்லாத அமைப்பை எந்த விலைக்கும் வாங்காதீங்க.

கம்ப்ரசர் எண்ணெய் அமோனியாவோடு கலக்காமல் அடியில் போய்த் தங்கும். குளிரில் வெண்ணெய் மாதிரி இறுகிப் பம்பின் வாயை அடைக்கும். கலத்தின் அடியில் எண்ணெய்க் குடுவை இருக்கிறதா, பம்பு வாய்க்குக் கீழே எண்ணெய் தங்க இடம் விட்டிருக்கிறதா என்று பாருங்க. குழாய் வேலை முடிந்ததும் உள்ளே ஊதிச் சுத்தம் செய்யாமல் பம்பை ஓட்டவிடாதீங்க. முதல் சில வாரங்கள் வடிகட்டியைத் திரும்பத் திரும்பக் கழற்றிக் கழுவணும்.

தேசியத் தோட்டக்கலை வாரியம் 2010-ல் குளிர்கிடங்குகளுக்கான தொழில்நுட்பத் தரங்களை வெளியிட்டிருக்கிறது. மானியத்துக்கு விண்ணப்பிக்கிற குழுக்கள் அதை ஒரு பிரதி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், எதிரே இருப்பவர் கொஞ்சம் கவனமாகப் பேசுவார். கொட்டேஷன் தருபவரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: எந்த வெப்பநிலையில் எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் எதிர்ப்புக்கு எதிராக, அந்த ஓட்டத்தில் வாயில் வேண்டிய தூண் எத்தனை மீட்டர், சீல் எந்த வகை, அமோனியா தொடும் எந்தப் பாகத்திலாவது செம்போ பித்தளையோ உண்டா, உதிரிபாகம் எங்கே. தண்ணியை வைத்துச் சோதித்த எண்களைத் தந்தால் ஏற்காதீங்க. அமோனியாவின் எடை தண்ணியில் மூணில் இரண்டு பங்குதான். கேஜில் தெரியும் அழுத்தமும் அந்த அளவுக்குக் குறையும்.

பம்பு ஓடத் தொடங்கியபின் ஆபரேட்டர் செய்ய வேண்டியது அதிகமில்லை. தினமும் காலையில் பக்கத்தில் நின்று சத்தம் கேட்கணும், கேஜ் பார்த்து நோட்டில் எழுதணும். கசிவுச் சந்தேகம் வந்தால் கந்தகக் குச்சியைக் கொளுத்தி இணைப்புகள் பக்கம் காட்டலாம். அமோனியா இருந்தால் வெள்ளைப் புகை எழும். அமோனியாவுக்கான முகமூடியை இயந்திர அறைக்கு வெளியே, பூட்டில்லாத பெட்டியில் மாட்டிவையுங்க. நான் பார்த்த பல இடங்களில் அது உள்ளே, பீரோவில், சாவி மேனேஜரிடம் இருக்கும். கண்ணைக் கழுவத் தண்ணிக் குழாயும் கதவுக்குப் பக்கத்திலேயே வேண்டும். பம்பை நிறுத்தும் பட்டனும் அதே கதவுக்கு வெளியேதான் இருக்கணும்.